எட்டால் வகுத்த ரிப்போர்ட்

ஒர்க்ஸ் மேனேஜர். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்த ஒரு தம்பி. எங்கள் ஆபீஸ் வசந்தா. அப்புறம் நான். போன செவ்வாய்க்கிழமை அந்த ஏ.சி. ரூமில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

யாரைப் பற்றிப் பேச்சோ, அவர் இல்லை. கீழே டிரில்லிங் மெஷினில் நின்றுகொண்டிருந்தார்.

நான் எட்டாவது பெயில். அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேன். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் போய் கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறேனே என்று சிரிக்க வேண்டாம். சிரிக்கிற விஷயம் இல்லை.

இந்த நாலு வருஷமும் எங்கள் ரிப்போர்ட் எப்படிப் போகும்? எட்டு மெஷின், எட்டுப் பேர். சாயங்காலம் மொத்தத்தை ஒரு சீட்டில் எழுதி வசந்தாவிடம் கொடுப்பேன். அவர் ஸ்ப்ரெட்ஷீட்டில் எட்டால் வகுத்து ஆளுக்கு ஒரே நம்பர் போடுவார். மொத்தம் ஆயிரத்து இருநூற்று எண்பது பீஸ் என்றால் ஆளுக்கு நூற்று அறுபது. ஹெட் ஆபீஸில் ஒருத்தரும் கேட்டதில்லை.

ஏன் வகுக்க வேண்டும்? காரணம் கோதண்டம் அண்ணாத்தே. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவர். நாலு வருஷம் முன்னால் டிரில்லிலிருந்து தெறித்த இரும்புத் தூள் அவர் வலது கண்ணில் அடித்தது. கண் தப்பியது. பார்வை தப்பவில்லை. ஒற்றைக் கண்ணோடு துளை போட்டால் மெதுவாகத்தான் வரும்...

அவர் மனசு நோகக் கூடாதென்று, அவர் டீ குடிக்கப் போனதும் மற்ற ஏழு பேரும் ஆளுக்கு ஒரு கை பீஸ் எடுத்து அவர் ட்ரேயில் போடுவார்கள். இது அவருக்குத் தெரியாது. ஒருத்தரும் வாய் திறந்ததில்லை.

இரண்டு மாசம் முன்னால் புது சாஃப்ட்வேர் வந்தது. எல்லா செக்‌ஷன் ஷீட்டையும் அதுவே இழுத்துக்கொள்ளும். திரையில் ஆளுக்கு ஒரு கம்பம் வரையும். குறைந்தால் சிவப்பு. முதலில் ஒரு மாசம் ட்ரயல், ஆளுக்கு எவ்வளவு என்று நிஜ நம்பர் வேண்டும் என்றார் அந்தத் தம்பி.

கொடுத்தேன். டீ நேரத்தில் யார் எத்தனை போட்டார்கள் என்று பார்த்து, கழித்து, ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன்? எங்கள் ஷாப்பில் புது டூல் மாட்டினால் முதலில் வரும் ட்ரயல் பீஸை எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டோம். நேரே ஸ்கிராப் தொட்டிக்குப் போகும். இதுவும் அப்படித்தான் போகும் என்று இருந்துவிட்டேன். ஒரு மாசமாவது நேராக எழுதுவோமே என்ற ஆசை வேறு.

செவ்வாய்க்கிழமை திரையில் எட்டுக் கம்பம். ஏழு பச்சை. ஒன்று மட்டும் குட்டையாக, சிவப்பாக.

ட்ரயல் நம்பர் சார், கணக்கில் வராது என்றேன்.

“ஹெட் ஆபீஸுக்குப் போன வாரமே போயிடுச்சுப்பா,” என்றார் மேனேஜர்.

கண்ணைப் பற்றிச் சொன்னேன். தெரியும் என்றார். கெட்டவர் இல்லை. ஆனால் சாஃப்ட்வேரில் அதைப் போட இடமில்லை. பழைய ஷீட்டில் மட்டும் இருந்ததா? அதிலும் இல்லை. எட்டால் வகுக்க ஒரு பெண் இருந்தார்... வசந்தா தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஹெட் ஆபீஸ் உத்தரவு: மாசக் கடைசிக்குள் கோதண்டம் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு, எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்ல வேண்டியது நான்.

கீழே இறங்கினேன். “இன்னா மாமே, ஏசில குந்திகினு படம் பாத்தியாமே... யாரு ஹீரோ?” என்றான் பக்கத்து மெஷின்காரன். என் மூஞ்சியைப் பார்த்ததும் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஷிஃப்ட் முடிந்து, எண்ணெய்க் கறை போக மரத்தூள் போட்டுக் கை கழுவும் தொட்டியில் அண்ணாத்தேவைப் பிடித்தேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. வி.ஆர்.எஸ். சொன்னேன். சிவப்புக் கம்பம் சொன்னேன். நம்பர் கொடுத்தது நான்தான் என்றேன். எப்படிக் குறைந்தது என்று கேட்டார். ட்ரே விஷயத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று.

கை தேய்ப்பது நின்றது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூடினேன்.

“வேலை போவுது... போவட்டும் நைனா. கண்ணு போயும் கை போவலன்னு நாலு வருசமா ஊட்ல சொல்லிகினு கீறேன். மத்தவன் பீஸ வெச்சிகினு சொல்லிகினு கீறேன்.”

ஏழு பேரும் பாசத்தில்தான் போட்டார்கள். நானும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அதனால் அவருக்கு என்ன ஆயிற்று?

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“மெய்யா சொல்லு. ஒரு நாளைக்கி என் கையால எவ்ளோ?”

விடுங்க அண்ணாத்தே என்றேன். விடவில்லை. நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சொன்னேன்.

அறுபத்தொன்று.