மரண அறிவித்தலை நிறுத்திவைத்த விதி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். எங்கள் தேயிலைத் தோட்டத்து மக்களுக்காக முகநூல் குழு ஒன்றை ஆரம்பித்தேன். அட்டன் நகரத்து ஸ்டூடியோக்காரர் எடுத்த திருவிழாப் படங்களை எல்லாரும் தங்கள் படமாகப் போட, அவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். எடுத்தவரின் அனுமதியில்லாத படம் வெளிவராது என்று விதி வைத்தேன். யார் கேட்டார்கள்? என் ஒப்புதலுக்குத் திருட்டுப் படங்கள்தான் வந்து குவிந்தன.

அந்த எரிச்சலில், ஸ்டூடியோ பெயர் பொறித்த படத்தோடு வந்த பதிவொன்றை வாசிக்காமலே நிறுத்திவைத்தேன். அது எங்கள் தோட்டத்து ராசம்மா அக்காவின் மரண அறிவித்தல். குழுவில் போட்டாயிற்றென்று வீட்டார் யாருக்கும் தனியாகச் சொல்லவில்லை. டயகம தோட்டத்திலிருக்கும் அவருடைய தங்கை, யாரோ சொல்லி, பாடை தூக்கும் நேரத்தில்தான் ஓடிவந்து முகம் பார்த்தார்.

“ஏம்மா படிச்ச புள்ள, பொணத்துக்குமா பர்மிசன் கேப்ப?” என்றார்.

இப்போது மரண அறிவித்தலை உடனே வெளியிடுகிறேன். ஸ்டூடியோக்காரரிடம் பிறகு நானே பேசிக்கொள்கிறேன். திருவிழாப் படங்களுக்கு அதே விதிதான். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டால் என்ன?