சுண்ணாம்பு லாரிக்கு வழி கேட்ட ஆரோக்கியம் அண்ணன்

ஆரோக்கியம் அண்ணன் போயிட்டாரு.

காலைல அவர் பொண்ணு ஸ்டெல்லா போன் பண்ணுச்சு. "அப்பா தூக்கத்துலயே போயிட்டாருக்கா..."

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தள்ளுவண்டில சுண்டல் வித்தவராத்தான் உங்கள்ல பல பேருக்கு அவரத் தெரியும். அதுக்கு முன்னாடி டீக்கடை வச்சிருந்தாரு. கல்வராயன் மலையடிவாரத்துல, நான் வேலை பார்த்த சுரங்கத்து கேட்டுக்கு எதிர்லயே.

இரும்புக்கல் தோண்டுற சுரங்கம். நான் அங்க லேப் அசிஸ்டென்ட், புதுசா சேர்ந்திருந்தேன்.

வேண்டாத கல்லையெல்லாம் மேடு மேடா கொட்டி வச்சிருப்பாங்க. மழை பேஞ்சா அதுலேர்ந்து வர்ற தண்ணி ஆசிட் மாதிரி, கல்லுல இருக்கிற இரும்பக் கரைச்சிக்கிட்டு வரும். அதுல சுண்ணாம்பு கலக்கணும், குளத்துல தேக்கணும், இரும்பு துருவா அடியில படிஞ்சப்புறம் தெளிஞ்ச தண்ணிய ஓடையில விடணும்.

அவ்ளோதான் டெக்னாலஜி. சுண்ணாம்பு இருந்தா அது ஓடை, இல்லன்னா சாக்கடைய விட மோசம்.

அது இடஒதுக்கீடு போராட்டம் நடந்த சமயம். ரோட்டோர மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்ச்சு மறியல். பஸ் கிடையாது, எதுவும் கிடையாது. எங்க சுண்ணாம்பு லாரியும் வழியிலேயே நின்னுபோச்சு.

மழை மட்டும் நிக்கல.

ஒரு நாள் காலைல அண்ணன் டீ போட்டாரு... டிகாஷன் மை மாதிரி கறுப்பு. பால் ஊத்தினா சாம்பல் கலர்ல வருது.

"இன்னாம்மா இது? தூளு கெட்டுப்போச்சா?"ன்னு என்னக் கேட்டாரு.

"தூள் இல்லண்ணா, தண்ணி. ஓடைத் தண்ணி உங்க கிணத்துல எறங்கிடுச்சு. அதுல இருக்கிற இரும்பு, டீத்தூள் பட்டா கறுத்துடும். யாருக்கும் குடுக்காதீங்க"ன்னேன்.

அவர் அந்த டீய ஒரு கிளாஸ்ல ஊத்தினாரு. அப்புறம் அதக் கையில புடிச்சிக்கினு மறியல் நடக்கிற எடத்துக்கு நடக்க ஆரம்பிச்சாரு. நானும் பின்னாடியே போனேன்.

மரத்துக்கு இந்தப் பக்கம் பசங்க. அந்தப் பக்கம் எங்க லாரி.

"தம்பி, சுண்ணாம்பு லாரிய மட்டும் வுடுங்கப்பா. பாரு, இதான் இப்ப ஓடைத் தண்ணி. உங்க மாடுங்களும் இதத்தான் குடிக்கப் போவுது."

"கம்பெனிக்காரன் அனுப்சானா உன்ன?"

"எவனும் அனுப்பல. தெனம் என் கடையில டீ குடிக்கிறவன்தான நீ... என்னத் தெரியாதா?"

கூடிக் கூடிப் பேசினாங்க. கடைசில அவங்களே மரத்த ஓரமா இழுத்துப் போட்டாங்க. "உன்ன நம்பித்தான் வுடறோம்ணா"ன்னு ஒரு பையன் சொன்னான்.

லாரி கேட்டுக்கு வந்துச்சு. மேனேஜர் வெளிய வந்தாரு.

"எறக்காத. திருப்பு."

எனக்குப் புரியல. "சார், சுண்ணாம்புத் தொட்டி காலியா இருக்கு சார்..."

"இருக்கட்டும். மறியலால சுண்ணாம்பு வரலன்னு மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. வந்தா தெனம் கலக்கணும், தெனம் செலவு. பழி அவனுங்க மேல போவட்டும்." என் முகத்தப் பாத்தே சொன்னாரு.

எதிர்ல கடை வாசல்ல அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தாரு. எல்லாம் அவர் காதுலயும் விழுந்துச்சு.

லாரி முழு லோடோட வந்த வழியே திரும்பிப் போச்சு. பசங்க பாத்தாங்க. சுண்ணாம்புன்னு பொய் சொல்லி ரோட்டத் தொறக்க வச்சுட்டான், இவன் கம்பெனி ஆளுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

சாயங்காலமே வந்தாங்க. பாய்லர், பெஞ்சு, பாட்டில்... ஒண்ணு விடல. அவர் எந்த ஆளுங்க, எந்தக் கோயிலுக்குப் போறவருன்னு சொல்லிச் சொல்லித் திட்டினாங்க. அந்த வார்த்தைய இங்க எழுத மாட்டேன்.

"மேனேஜர்தான் லாரியத் திருப்பினாரு!"ன்னு நான் கத்தினேன். "கம்பெனி சம்பளம் வாங்குறவதான நீ"ன்னாங்க.

மேனேஜர் கேட்டுக்கு உள்ள நின்னு வேடிக்கை பாத்தாரு. வாட்ச்மேனக்கூட அனுப்பல.

உடைஞ்ச கண்ணாடியப் பொறுக்கிக்கிட்டே அண்ணன் ஒண்ணுதான் சொன்னாரு. "பசங்க தெரியாம அடிக்கிறானுங்க. தெரிஞ்சவன் நின்னு பாத்துக்கினு இருக்கான் பாரு..."

அந்த வாரமே குடும்பத்தோட கள்ளக்குறிச்சிக்கு வந்துட்டாரு. நானும் வேலைய விட்டுட்டேன்.

ஓடை செவப்பாச்சு. மீன் மிதந்துச்சு, நாத்து கருகுச்சு. மறியல் முடிஞ்சு ரோடெல்லாம் தொறந்த பிறகும் ரொம்ப நாள் சுண்ணாம்பு கலக்கல. யார் போய்க் கேட்டாலும் போராட்டத்தக் கைகாட்டினாங்க.

போராட்டத்தக் குறை சொல்லல நான். அதனாலதான் என் தம்பி பசங்க காலேஜ் போனாங்க, வேலைக்குப் போனாங்க. அதுவும் உண்மை. இதுவும் உண்மை.

போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். சுரங்கம் மூடிக் கிடக்கு. ஓடைய நவீன முறையில சுத்தம் பண்றாங்களாம்... சுண்ணாம்புக்கல் போட்ட வாய்க்கால், கோரை நட்ட குளம், பெருசா ஒரு போர்டு. அண்ணன்கிட்ட வந்து சொன்னேன், ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாம்ணான்னேன்.

"அங்க எனக்கு இன்னாம்மா இருக்கு?"ன்னுட்டு சுண்டல் மடிச்சுக் குடுத்தாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்ச நான் எடுக்கல.

இன்னைக்குக் காலைல பேஸ்புக்கத் தொறந்தா, "நல்ல மனிதர், ஆழ்ந்த இரங்கல்"னு ஒருத்தர் போட்டிருக்காரு. இப்ப பெரிய ஆளு. அன்னைக்கு பாய்லர எட்டி ஒதைச்சது அவர்தான். கீழ நிறைய பேர் கும்பிடு போட்டிருக்காங்க.

மேனேஜர் எங்க இருக்காருன்னு தெரியல. எங்கயோ நல்லாத்தான் இருப்பாரு.

சாயங்காலம் அடக்கம். கிளம்பிக்கிட்டே இருக்கேன்.

ஆரோக்கியம் அண்ணா... பூசையில ஃபாதர் மன்னிக்கிறதப் பத்திப் பேசுவாரு. நீங்க யாரையும் மன்னிக்க வேணாம். அப்படியே போங்கண்ணா.