பாப்பாவிடம் அனுமதி கேட்ட கிரேஸ் டாக்டர்

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஓய்கிறது. கிரேஸ் டாக்டரிடம் பிள்ளைகளைக் காட்டி வந்த பெற்றோருக்கும், நம் பெற்றோர் குழுவில் புதிதாகச் சேர்ந்து அவரைப் பார்க்க வாய்ப்பில்லாமல் போனவர்களுக்கும் எழுதுகிறேன். அவர் வேண்டாம் என்று நிறுத்தி வைத்த ஆபரேஷன் பேச்சு எங்கள் வீட்டில் மறுபடி கிளம்பியிருக்கிறது. அந்தக் கவலையும் சேர்ந்தேதான் எழுத வைக்கிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் பாப்பாவின் மாத்திரையை நுணுக்கிக்கொண்டிருந்தேன். வார்டு சிஸ்டர் போன் செய்து, "டாக்டரம்மா போயிட்டாங்க, மாரடைப்பு" என்றார். மாத்திரையைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் அழுதேன். அப்படித்தான் டாக்டர் என்னைப் பழக்கியிருந்தார்.

பாப்பா பிறந்தபோது உடலைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெளியே என் மாமியார் மிட்டாய்ப் பெட்டியோடு நின்றிருந்தார். கிரேஸ் டாக்டரே வெளியே வந்தார்.

"என்ன பிள்ளைம்மா?"

"அழகான பிள்ளை. டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், தெளிவாச் சொல்றேன். மிட்டாயை இப்பவே குடுங்க, எனக்கும் ஒண்ணு."

அவர் அங்கேயே நின்று தின்றதைப் பார்த்த பிறகு, அத்தை எல்லாருக்கும் கொடுத்தார்.

ரிசல்ட் வந்ததும், பிறவியிலேயே சுரப்பிக் குறைபாடு, உள்ளுக்குள் பெண்தான் என்று தெரிந்தது. பெண் பிள்ளையாக வளர்க்கலாம், மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, காய்ச்சல் வந்தால் கூட்டித் தர வேண்டும் என்றார். எங்கள் வீட்டார் கேட்டதோ ஆபரேஷனை. பார்வைக்குச் சரியாக இருக்க வேண்டுமாம்.

"மாத்திரை உயிருக்கு. இந்த ஆபரேஷன் ஊருக்கு. அவளுக்கு இப்ப எந்தச் சிரமமும் இல்ல. வளந்து அவளே சொல்லட்டும்" என்றார்.

என் கணவர் விடவில்லை. "நீங்க யாரையும் ஆபரேஷனுக்கு அனுப்புனதே இல்லையா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அனுப்பியிருக்கேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் அனுப்புனேன். அதுல ஒரு பொண்ணு பெரியவளாகி வந்து, 'என்னை ஏன் கேக்கல?'ன்னா. அதுக்கப்புறம் நான் யாரையும் அப்படி அனுப்புறதில்ல தம்பி."

அதற்குப் பிறகு என் கணவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பாப்பாவைப் பரிசோதிக்கும்போது மருத்துவ மாணவர்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்து விடுவார். பாப்பாவுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவளிடமே கேட்பார்: "டாக்டர் பாக்கலாமா தங்கம்?"

ஒருமுறை பாப்பா, "வேணாம்" என்றாள். டாக்டர் உடனே கையுறையைக் கழற்றினார். "சரி. அவசரம் ஒண்ணுமில்ல, அடுத்த தடவ பாப்போம்."

அத்தைக்கு வந்ததே கோபம். "மேலூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தது இதுக்குத்தானா? இம்புட்டுச் சின்னதுகிட்டப் போயி கேட்டுக்கிட்டு!"

"ஆமாம்மா, இதுக்குத்தான். வேணாம்னு சொல்லக் கத்துக்கிட்டா பாருங்க. இது நாளைக்கு அவளக் காப்பாத்தும். நீங்களும் நானும் எம்புட்டு நாளைக்குக் கூட இருப்போம்?"

அத்தை சரி என்று தலையாட்டினார். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் அறை வாசல் பெஞ்சில் பார்த்த முகங்கள் பல அங்கே இருந்தன. ஆனால் நாம் எல்லோரும் தள்ளித் தள்ளியே நின்றோம். எந்தப் பிள்ளையின் அம்மா, எதற்கு வைத்தியம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஒரு பிடி மண் போட்டு, "போய் வாங்க டாக்டரம்மா, மாத்திரையை விட மாட்டேன்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, யாரிடமும் பேசாமல் மேலூர் பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது என் கணவரின் அண்ணன், "அந்தம்மாதான் இல்லையே, ஸ்கூல்ல சேக்குறதுக்கு முன்னாடி முடிச்சிருவோம்" என்று வெளியூரில் ஒரு சர்ஜனிடம் தேதி வாங்கிவிட்டார். வருகிற திங்கட்கிழமை. என் கணவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் வேண்டாம் என்று சொன்னால் பயத்தில் சொல்கிறேன் என்கிறார்கள்.

டாக்டர் சொன்னபடி காத்திருந்து பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். ஒருவராவது என் கணவரிடம் பேசுங்கள். திங்கட்கிழமைக்கு முன் பேச வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.