கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

லண்டனின் பிளேஸ்டோ பூங்காவில் ஞாயிறு காலை. பத்து வயதுச் சிறுமிகள் கால்பந்து விளையாடுகிறார்கள். கோட்டோரம் நிற்கும் பெற்றோர் ஒவ்வொருவர் வாயிலும் ஒரு லாலிபாப். என் பக்கத்தில் நிற்பவர் யாழ்ப்பாணத்து ஜெயந்தன்; பஸ் ஓட்டுநர். நேற்றுத் தோற்ற இங்கிலாந்து அணி எப்படித் தேறும் என்று அவரிடம் கேட்கிறேன். லாலிபாப்பை வாயிலிருந்து எடுக்கிறார்.

"நாங்கள் கத்தாமல் இருக்க இதைக் கோச் தந்தவர். கத்தினால் பிள்ளையள் பயந்து பந்தை ஆருக்காவது தட்டிவிடுதுகள். பெரிய டீமுக்கும் அந்தப் பயம்தான். இங்கயிருந்துதான் மாத்தவேணும்."

அப்போது அவர் மகள் எதிரணியில் இரண்டு பேரைத் தாண்டப் போய்ப் பந்தை இழக்கிறாள், கோல் விழுகிறது. அப்பாவைப் பார்க்கிறாள். அவர் கட்டைவிரலை உயர்த்துகிறார்.

அடுத்த முறையும் அதே இருவரை நோக்கித்தான் ஓடுகிறாள். தாண்டிவிடுகிறாள். அவள் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே போகிறது. சிரித்துக்கொண்டே திரும்பி ஓடுகிறாள்.