தப்புக்குக் கைதட்டும் பள்ளிக்கூடம்

எங்கள் ஊர் இசைப்பள்ளியில் சாயங்கால வகுப்பு தொடங்கினால் சுற்றுவட்டத் தெருக்களில் பூட்டெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். சரி, எல்லாப் பூட்டும் இல்லை. ஒரே ஒரு வீட்டுப் பூட்டுதான். அதுவும் தானாகத் திறக்கவில்லை. உள்ளே தூங்கப் பார்த்தவர் திறந்துகொண்டு சண்டைக்கு வந்தார். ஆனால் வந்தவர் திரும்பிப் போகவில்லை. இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து டிரம் தட்டிக்கொண்டிருக்கிறார். அந்த அளவுக்கு உண்மை.

பள்ளியை நடத்துகிறவள் தங்கை. இந்தக் கதை அக்காவைப் பற்றியது.

அக்கா அரசாங்க இசைக் கல்லூரியில் ஆசிரியை. ஊருக்கு அவள் வயலின்காரி. அவளுக்குப் பிறவியிலேயே இரண்டு வரங்கள். ஒன்று, தப்பே செய்யாத விரல்கள். இன்னொன்று, பொறாமை. இரண்டுக்கும் நாள் தவறாமல் சாதகம் செய்து வந்தாள். தங்கை பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்து, "இதுக்குப் பல்லே இல்லையே, திருப்பிக் குடுத்துடுங்க" என்றாளாம். தங்கைக்குக் கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தக் கட்டின்மேல் பெயர் எழுதி, பூ வரைந்து, குசலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். வயலின்காரி தன் நல்ல காலில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நொண்டினாள். அதில் பேனா வைக்க ஒருவரும் வரவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

சங்கீதத்தில் மட்டும் அவள் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கவில்லை. தங்கையும் வயலின் வாசித்தவள்தான். கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் ஒரு திருப்பத்தில் அவள் விரல் தவறியது. தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான். தங்கை ஒரு சலவைக் கடையில் துணி வாங்கிக் கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நிஜம். உள்ளே ஒரு ஓரத்தில் அப்பாடா என்று இருந்ததே, அதுவும் நிஜம்.

வருஷங்கள் போயின. சலவைக் கடைக்காரர் வயதாகிக் கடையை மூடினார். தங்கை அந்த இடத்தை வாடகைக்கு எடுத்து, வாசலில் ஒரு பலகை மாட்டினாள்: "தப்பாக வாசிக்கத் தெரிந்தவர்கள் வரலாம்."

வயலின்காரி சிரித்த சிரிப்பில் அவள் மாடி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "ஒரு மாசம் தாங்காது, பாருங்க" என்று கணவரிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வீட்டுக்குக் கீழேயே கடை. "ம்" என்றார். அவர் எதற்கும் "ம்" என்றுதான் சொல்வார்.

ஒரு மாதம் தாங்கியது. ஒரு வருஷமும் தாங்கியது. பஸ் டிரைவர் வந்தார், ரொட்டிக்கடை அம்மா வந்தாள், பல் டாக்டர் வந்தார். துணி மாட்டி வைக்கக் கூரையோடு ஓடிய இரும்புக் கம்பியில் இப்போது கிதாரும் வயலினும் பெட்டியோடு தொங்கின. சோப்பு வாசனை மட்டும் போகவில்லை. அங்கே பாடம் நடந்த விதமோ ஊர் கண்டிராதது. நடுவில் ஒரு நாற்காலி. அன்றைக்கு யாருக்கு எங்கே தவறுகிறதோ, அவர் அதில் உட்கார்ந்து தன் தப்பை எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு வகுப்பு முழுக்க அந்தத் தப்பைப் படிக்கும். மெதுவாக, வேகமாக, கண்ணை மூடிக்கொண்டு, அச்சு அசலாக அதே தப்பு எல்லோருக்கும் வருகிற வரைக்கும். மறுநாள் அந்தத் தப்பின் சொந்தக்காரர் வந்து சரியாக வாசிப்பார். கைதட்டல் தப்புக்கு மட்டும்தான், சரிக்குக் கிடையாது.

"எங்க தவறுதுன்னு தெரிஞ்சு தவறினா, தவறாம இருக்கவும் தெரிஞ்சுடும்" என்பாள் தங்கை. "என்னை அன்னிக்கு இன்னொரு தடவை வாசின்னு சொல்லியிருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன். யாரும் சொல்லலை. அதான் நான் சொல்றேன்."

வயலின்காரியின் மாணவர்கள் தேர்வுகளில் முதலாவதாக வந்தார்கள். ஆனால் அவள் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. தங்கையின் கதவுக்குள்ளிருந்து வந்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. வயலின்காரிக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் அடிக்கடி ஏதாவது வேலை வந்தது. செருப்பு வார் அறுந்துவிடும், குடை விரியாது, பைக்குள் சாவி கிடைக்காது. அங்கேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். வயிறு எரியும். அந்த எரிச்சலில் ஒரு ஊருக்கே சமைத்துப் போடலாம்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய பொறாமை. பொறுக்க முடியாதது ஒரு காலையில் வந்தது.

அவள் காபியோடு கீழே இறங்கியபோது கண்ணாடிக்காரர் இயந்திரத்தில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டே முனகினார். முனகல் இல்லை, பாட்டு. மேலே ஏறி, வளைந்து, திருப்பத்தில் ஒரு படி வழுக்கியது.

"அங்க இறங்கக் கூடாது, ஏறணும்" என்றாள், தன்னையறியாமல்.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏறுங்களேன்."

"இன்னிக்கு இறங்கணும். நாளைக்குத்தான் ஏறணும்."

தப்புக்கு நாள் குறித்து வைத்திருக்கும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான். வயலின்காரி காபியை மேஜைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதிக் காபி யாருடைய கண்ணாடிக் கூட்டுக்குள்ளோ போனது.

"அவகிட்டயா போறீங்க?"

"ம்."

"எத்தனை நாளா?"

"மழைக்காலத்துல இருந்து."

"ஏங்க, ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் என்கிட்ட இடம் கிடைக்காதான்னு காத்துக் கிடக்கிறாங்க. வீட்டுக்குள்ளயே இருக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லித் தந்திருக்க மாட்டேனா?"

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "கல்யாணமான புதுசுல நீ வாசிச்சுக்கிட்டு இருந்தே. நான் கூடப் பாடினேன். நீ வில்லைக் கீழ வெச்சுட்டு, நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தே."

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"சொல்லலை. காத்திருந்தே."

அன்றைக்கு முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை அம்மாவின் மடியை எடுத்துக்கொண்டாள், போகட்டும். மாவுக்கட்டுப் பூக்களை எடுத்துக்கொண்டாள், அதுவும் போகட்டும். ஆனால் இத்தனை வருஷமாகத் தன் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு குரல், தனக்காக ஒருநாளும் வாய் திறக்காத குரல், அதைத் தங்கை மழைக்காலத்திலிருந்து கேட்கிறாள்! பள்ளியை மூடவைப்பது அவளுக்கு இனி முக்கியமில்லை. அந்தக் குரல் தன்னோடு சேர்ந்து பாட வேண்டும். அதற்கு முதலில் அங்கே போய், உண்மையான சங்கீதம் எது என்று எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று தீர்மானித்தாள்.

சாயங்காலம் வயலினை எடுத்துக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தாள். கண்ணாடிக்காரர் கடைசி வரிசையில் பாதி உடம்பை டிரம்மின் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வா அக்கா" என்றாள் தங்கை. ஆச்சரியப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "நடு நாற்காலி காலியாத்தான் இருக்கு."

வயலின்காரி உட்கார்ந்தாள். கல்லூரியில் இரண்டு பேருக்கு மட்டுமே வாசிக்க வரும் உருப்படி ஒன்றை எடுத்தாள். மற்றொருவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு சுரம் பிசகாமல் வாசித்து, வில்லை உயர்த்தி நிறுத்தினாள்.

யாரும் கைதட்டவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

பஸ் டிரைவர் மரியாதையாகத் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நல்லா இருந்தது மேடம். தப்பு எப்போ வரும்?"

"வராது."

"அடடா" என்றார் டிரம்காரர், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வந்த மாதிரி.

"விடுங்க" என்றாள் தங்கை. "அக்கா, இன்னிக்கு மாமாவோட தப்பு. திருப்பத்துல ஒரு படி இறங்கணும். நீயும் எங்களோட வாசி."

"தப்பா வாசிக்கிறதுக்கா எனக்குக் கல்லூரியில சம்பளம் குடுக்கிறாங்க?"

"இங்கதான் சம்பளமே கிடையாதே. வாசி."

வாசித்தாள். விரல் திருப்பத்துக்கு வந்ததும் தானாகவே சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு தடவை. மறுபடியும் சரி. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள், சரியாகவே வந்தது.

"மாவுல கை வழுக்குமே, அப்படி விடுங்கக்கா" என்று ரொட்டிக்கடை அம்மா சொல்லிக் கொடுத்தாள்.

"பல்லைக் கடிக்காதீங்க, பாக்கவே எனக்கு வலிக்குது" என்றார் பல் டாக்டர்.

"பாவம், முயற்சி பண்றாங்க இல்ல? சிரிக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு டிரம்காரரே சிரித்தார். வயலின்காரிக்குக் காது மடல்வரை சூடேறியது. வகுப்பில் கடைசி மாணவியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"மாமா, நீங்க ஒரு தடவை பாடிக் காட்டுங்க" என்றாள் தங்கை.

அவர் டிரம்முக்குப் பின்னாலிருந்து எழுந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் நடுக்கம். ஆனால் கனமான, அவசரமில்லாத குரல். இப்படி ஒன்று இந்த மனுஷனுக்குள் இருந்ததா என்று வயலின்காரி அவரையே பார்த்தாள். அவர் பார்த்ததெல்லாம் தாளம் போட்ட தங்கையின் கையைத்தான். தங்கை தலையை ஆட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. அந்தத் தலையாட்டல் ஒன்றுக்காக வயலின்காரி தன் பட்டங்கள் அத்தனையையும் அங்கேயே கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

வயலினைத் தோளில் ஏற்றினாள். அவர் பாட்டோடு சேர்ந்துகொண்டாள். திருப்பம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, வேண்டுமென்றே, முழு மனதோடு அவள் தப்பாக வாசித்தாள்.

கைதட்டலில் கூரைக் கம்பியில் தொங்கிய பெட்டிகள் ஆடின. கண்ணாடிக்காரர் பாடியபடியே அவள் பக்கம் திரும்பினார். கடைசி அடிவரை அவளைப் பார்த்தே பாடினார். அவளும் நிறுத்தாமல் கூடவே வாசித்தாள்.

அதற்குப் பிறகு அவளும் அந்த வகுப்புக்குப் போகிறாள். பொறாமை போய்விட்டதா என்றால், இடம் மாறியிருக்கிறது. பஸ் டிரைவருக்குத் தினம் ஒரு புதுத் தப்பு எங்கிருந்து கிடைக்கிறது, தனக்கு ஏன் கிடைப்பதில்லை என்று வீட்டுக்கு வந்து புலம்புகிறாள்.

இந்தக் கதையை நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் படித்துக் காட்டியபோது வயலின்காரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "வேண்டுமென்றே, முழு மனதோடு" என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கண்ணாடிக்காரர் காபியைக் கீழே வைத்தார்.

"அது மட்டும் அப்படி இல்லைங்க" என்றார். "வேணும்னே எல்லாம் வாசிக்கலை. என்னையே பாத்துக்கிட்டு இருந்ததுல, விரல் நிஜமாவே தவறிடுச்சு. அதுவும் நான் பாடின தப்பு இல்லை, வேற எங்கயோ போயிடுச்சு. முகமெல்லாம் செவந்து, வில்லைக் கீழ வைக்கப் போனா. நான்தான் விடாம பாடிக்கிட்டே இருந்தேன்."