நடுக்கோடா, கீழ்க்கோடா

திங்கட்கிழமை காலையிலிருந்து தேன்மொழியின் கணினி பேசவில்லை.

ஒன்பது வயதில் அம்மை கண்டு அவளுக்குப் பார்வை போனது. பிறகு சேலத்தில் விடுதிப் பள்ளி, கல்லூரியில் வரலாறு, ஒரு முகாமில் மூன்று மாதம் கணினிப் பயிற்சி. இப்போது நாற்பத்தொரு வயது. பாப்பாரப்பட்டியில் சந்தைக்குப் போகும் தெருவில், மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் விவசாயிகளிடம் எடுக்கும் பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். தட்டுவதையெல்லாம் கணினி உடனுக்குடன் ஓர் இயந்திரக் குரலில் வாசித்துக் காட்டும். பதினான்கு வருடமாகக் கேட்டுப் பழகிய, ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

புதுப்பிக்கவா, புதுப்பிக்கவா என்று கணினி ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தது. ஞாயிறன்று அலுத்துப்போய், சரி, செய்து தொலை என்று விட்டுவிட்டாள். மறுநாள் திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. புதிதாக வந்த குரல் பொதி, அதாவது வாசித்துக் காட்டும் குரலைத் தரும் மென்பொருள், அவளுடைய பழைய கணினியோடு ஒத்துப்போகவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. முன்பொரு முறை வேறு மென்பொருளுக்கு இப்படி ஆனபோது, கறுப்புத் திரையில் கட்டளை தட்டி, முந்தைய பதிப்பை எண் சொல்லி வரவழைத்திருக்கிறாள். அப்போது குரல் இருந்தது. இப்போது கட்டளையைத் தட்டலாம். கணினி என்ன பதில் சொல்கிறது என்று எப்படித் தெரியும்?

கைபேசியின் கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அது வார்த்தைகளை வாசித்தது, ஆனால் புள்ளியையும் கோட்டையும் விழுங்கிவிட்டு எண்களைக் குழப்பியது. இரண்டு நாள் அப்படியே போயிற்று. வியாழன் சாயங்காலத்துக்குள் மூன்று பேட்டிகளை அனுப்பியாக வேண்டும்.

புதன்கிழமை காலை மாதேஸ் வந்தான். அவள் கணவன், பெங்களூரு - சேலம் ரோட்டில் லாரி ஓட்டுகிறவன். வண்டியின் பின் அச்சு தொப்பூரில் மக்கர் செய்ததால், பட்டறையில் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தான். செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்னங்க, ஒரு அரை மணி நேரம் கண்ணக் கடன் குடுக்கறீங்களா?"

அவன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான். "இப்பவே வா. படுத்தா எந்திரிக்க மாட்டேன்."

எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் நம்பர் பிளேட் பார்த்துப் பார்த்து எழுத்துகள் அத்தனையும் தெரியும். அவள் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரையைத் திறந்து, பழைய பதிப்பின் எண்ணைச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள்.

"என்ன வந்திருக்குதுங்க?"

"பத்து வரி இருக்குது."

"கடைசி வரிய எழுத்து எழுத்தாச் சொல்லுங்க."

"என், ஓ, டி. அப்புறம்... எஃப், ஓ, யு, என், டி."

"பழசு அங்க இல்லையாம்" என்றாள்.

"பழசு எதுக்குப் புள்ள? புதுசு வந்திருச்சுன்னா அதுதான நல்லா இருக்கும்?"

"எல்லாருக்கும் நல்லா இருக்குதாம். என்கிட்டதான் பேச மாட்டேங்குது."

மென்பொருளைத் தருகிறவர்கள் இணையத்திலிருந்து பழைய பதிப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் முன்பு இறக்கிய கோப்புகளைக் கணினி தனக்குள்ளேயே ஓர் இடத்தில் போட்டு வைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்த ஞாபகம் அவளுக்கு இல்லை. அந்த இடத்தில் குரல் பொதியின் பெயரைத் தேடும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தாள்.

"நாலு பேரு வந்திருக்குது" என்றான் மாதேஸ். ஒவ்வொரு பெயரும் முழ நீளம். முதலாவதை வாசித்தான், இரண்டாவதை வாசித்தான். மூன்றாவதில் "எல், ஐ, பி, கோடு..." என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான். மூச்சு மட்டும் கேட்டது. அவள் அவன் தொடையைத் தட்டினாள்.

"ஆங். எங்க வுட்டேன்?"

பழைய எண் கொண்ட இரண்டு பெயர்களையும் அவன் சொல்லச் சொல்லத் தட்டி, கடவுச்சொல்லையும் போட்டாள். மறுபடி பிழை. இன்னொரு முறை. அதே பிழை. அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"கோடுன்னு சொன்னீங்களே, நடுக்கோடா, கீழ்க்கோடா?"

"கோடுன்னா கோடுதான?"

"ரெண்டும் வேறங்க."

அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். "மொதக் கோடு நடுவுல. அடுத்தது ரெண்டும் கீழ."

"மொதல்லயே பாத்துச் சொல்லக்கூடாதுங்களா?"

"ரெண்டு நாளா ரோட்டப் பாத்த கண்ணு புள்ள இது" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு என்னவோ போலிருந்தது. மறுபடி தட்டினாள்.

"ஓடுது. வரி வரியாப் போவுது... நின்னிருச்சு."

கணினியை அணைத்து மீண்டும் போட்டாள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பிறகு அந்தத் தட்டைக் குரல், 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்றது. தேன்மொழி மேசையில் நெற்றியைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சுமந்த மூட்டையை இறக்கிய பிறகும் தோளில் வலி இருக்குமே, அதுதான்.

இனி எந்தப் புதுப்பிப்பும் இந்தப் பொதியைத் தொடாதபடி பூட்டிவைக்கும் கட்டளையைத் தானே தட்டி, தானே கேட்டுச் சரிபார்த்தாள். "சட்டியில களி இருக்குதுங்க" என்று திரும்பினாள். மாதேஸ் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான். குரல் அவனை எழுப்பாதபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பேட்டியைத் திறந்தாள். நான்கு மணிக்குப் பட்டறையிலிருந்து போன் வந்தது. எழுந்து, நின்றபடியே நாலு வாய் களி தின்றுவிட்டு அவன் கிளம்பிப் போனான்.

வியாழன் முடிந்தும் வேலை முடியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம்தான் அனுப்ப முடிந்தது. சற்று நேரத்தில் சென்னை அலுவலகத்துப் பிரியதர்ஷினி அழைத்தாள்.

"வந்துடுச்சுக்கா, தேங்க்ஸ். ஆனா லேட்டானதால அடுத்த ஆறு பேட்டியை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. தப்பா நினைக்காதீங்க."

"திங்கக்கிழமையிலிருந்து குரல் இல்லீங்க. அதான்."

"அச்சச்சோ! தொண்டையாக்கா? இப்ப நல்லாத்தான பேசறீங்க?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேன்மொழி ஒரு கணம் யோசித்தாள்.

"ஆமாங்க. தொண்டைதான்" என்றாள்.

"உப்புத் தண்ணியில கொப்புளிங்கக்கா."

"சரிங்க" என்று போனை வைத்துவிட்டு, வெறும் தரையில் காலை நீட்டிப் படுத்தாள்.