குளிர்ந்த தண்ணீர் மட்டும்

ஷர்மிளாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் நான்தான் எழுத வேண்டும். நடந்தது வேறு யாருக்கும் தெரியாது.

என் பெயர் தனகோடி. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பது வருஷமாகத் தோல் ஊறும் டிரம் ஓட்டுகிறேன். ஷர்மிளா மாதனூர்ப் பெண். தோல் படிப்பு படித்துவிட்டு எங்கள் டேனரி லேபுக்கு வேலைக்கு வந்தாள். ஆறு மாதத்தில் புதிதாக ஏதாவது செய்து காட்டினால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆட்டுத்தோலையே கட்டிக்கொண்டு அழுகிற ஊரில் அவள் மீன்தோல் கேட்டு வரவழைத்தாள். டூத்ஃபிஷ் என்று பெயர். தென்துருவத்துப் பக்கம், ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, வெயிலே எட்டாத ஆழத்தில் இருக்கிற மீன். கறிக்காகக் கப்பலில் போய்ப் பிடிக்கிறார்கள். தோல் குப்பைக்குத்தான் போகிறதாம். வந்தது இருபது தோல்.

"அம்பது வருஷம்கூட உயிரோட இருக்கும் அண்ணா. பொறந்ததுல இருந்து ஐஸ் மாதிரி தண்ணிதான். சூடுன்னா இன்னான்னே அதுக்குத் தெரியாது."

"நம்ம ஊரு வெயிலப் பாத்தா செத்துடும்னு சொல்லு," என்றேன். சிரித்தாள். 'குளிர்ந்த தண்ணீர் மட்டும்' என்று எழுதி டிரம்மில் ஒட்டினாள். பக்கத்தில் ஐஸ் கட்டி வேறு வாங்கி வைத்தாள்.

மறுநாள் அவள் சாப்பிடப் போயிருந்தாள். நான் டிரம்மைத் திறந்து ஒரு தோலைத் தொட்டேன். கையெல்லாம் எண்ணெய். கொழுப்பு ஜாஸ்தியான செம்மறித்தோல் வந்தால் என்ன செய்வோம்? வெதுவெதுப்பாகத் தண்ணீர் விடுவோம், கொழுப்பு கழன்றுவிடும். நேற்று வந்த பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக. கை பொறுக்கிற சூட்டில் எட்டு வாளி ஊற்றினேன். அரைமணி நேரத்தில் இருபது தோலும் சுருங்கிக் குழைந்து பசையாகிவிட்டன.

அவள் வந்து பார்த்தாள். அழவில்லை. டிரம்மின் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். முதலாளி வந்து கத்தினார். "என் கணக்குதான் தப்பு சார்," என்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயில் கொழுக்கட்டை. மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து மாதனூரில் ஒரு துக்கத்துக்குப் போனபோது, ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். படித்த படிப்புக்கு, அங்கே சோல் ஒட்டுகிறாளாம். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அன்னிக்கு சுடுதண்ணி ஊத்தினது நான்தாம்மா."

"தெரியும் அண்ணா. பலகை சூடா இருந்துச்சே."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா உங்க வேலை போய்டும். நீங்களா சொல்லுவீங்கன்னு மாசக் கடைசி வரைக்கும் பாத்துனு இருந்தேன்."

பஸ் வந்தது. "வர்றேன் அண்ணா," என்று ஏறிப் போய்விட்டாள்.

தோல் கெட்ட அன்று மாதக் கடைசிக்கு இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளும் அவளோடு உட்கார்ந்துதான் நான் டீ குடித்தேன்.